முக்திநாத்துக்கு விமானம், மனைவிக்கு மறுப்பு

கேள்வி: வரும் நவம்பரில் நானும் என் மனைவியும் ஒரு குழுவோடு முக்திநாத் யாத்திரை செல்கிறோம். போக்ராவிலிருந்து ஜோம்சோம் வரை விமானம் என்பதால் மலைப்பாதைத் தொல்லை இல்லை. காத்மாண்டுவில் இன்னொரு ஏற்பாடும் உண்டாம். காலையில் ஒரு மணி நேரம் விமானத்தில் ஏற்றி, எவரெஸ்ட் சிகரத்தைக் காட்டி இறக்கிவிடுவார்களாம். அதற்குத் தனிக் கட்டணம். மனைவிக்கு அதில் பெரிய ஆசை. அவருக்கு வயது 61, மூட்டுவலி வேறு. எனக்கு இது பணக்காரர்களின் வேடிக்கையாகத் தெரிகிறது. ஏறிப் போகிறவனுக்குத்தான் மலை. கண்ணாடி வழியே பார்ப்பது ஒரு பார்வையா? போதாததற்கு நேபாளத்தில் விமானங்கள் விழுகின்றன. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் செய்தது சரிதானே?

— ஓய்வு பெற்ற ஆசிரியர், குடியாத்தம்

பதில்: சரியில்லை ஐயா. உங்கள் கடிதமே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

போக்ரா–ஜோம்சோம் விமானத்தைத் தொல்லை தீர்ந்ததென்று நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த வழி எது தெரியுமா? ஒரு பக்கம் தவளகிரி, மறுபக்கம் அன்னபூர்ணா. இரண்டும் 8,000 மீட்டரைத் தாண்டியவை. நடுவில் காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கு. பொழுது ஏற ஏற அந்தப் பள்ளத்தாக்கில் காற்று சீறத் தொடங்கிவிடும். அதனால்தான் ஜோம்சோமுக்குக் காலை வேளையில் மட்டும் விமானம் விடுகிறார்கள். 2022 மே 29 அன்று இதே வழியில் சென்ற சிறு விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 22 பேரும் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் இந்தியர்கள். அந்த வழியில் பறக்க உங்களுக்குத் தயக்கம் இல்லை, ஏனென்றால் அது நீங்கள் விரும்பிய யாத்திரை. மனைவி விரும்பிய விமானம் என்றதும் பயம் வந்துவிட்டது.

அதற்காக உங்கள் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். 2011 செப்டம்பர் 25 அன்று எவரெஸ்டைக் காட்டிவிட்டுக் காத்மாண்டு திரும்பிய சுற்றுலா விமானம் தாழ்ந்திருந்த மேகத்துக்குள் போய், லலித்பூர் பக்கம் ஒரு குன்றில் மோதியது. 19 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் நம் திருச்சிக்காரர்கள். அந்தச் செய்தியை அச்சுக்கு அனுப்பிய இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் நேபாள விமான நிறுவனங்கள் அனைத்துக்கும் தன் வான்வெளியில் தடை விதித்தது. இவற்றையெல்லாம் மனைவியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தெரிந்துகொண்ட பிறகு, போவதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

ஆனால் அந்த இரண்டு விபத்துகளின் தேதிகளையும் கவனியுங்கள். ஒன்று மழைக்கால மேகம் இன்னும் கலையாத செப்டம்பர், மற்றொன்று மழைக்காலத்துக்குச் சற்று முந்தைய மே. நீங்கள் போகும் நவம்பரில் இமயத்தின் வானம் பெரும்பாலும் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். ஆபத்து முற்றிலும் நீங்கிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. வளர்ந்த நாட்டில், பெரிய விமானத்தில் போனாலும் இதே கதைதான். 1979 நவம்பர் 28 அன்று நியூசிலாந்திலிருந்து அண்டார்டிகாவைப் பார்க்கப் பறந்த விமானம் எரிபஸ் மலையில் மோதி 257 பேர் இறந்தார்கள். வெண்பனியும் வெண்மேகமும் ஒன்றாகத் தெரிந்ததில், எதிரே மலை நிற்பதே விமானிகளின் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. மலை பார்க்கும் பயணத்தில் பெரிய எதிரி மேகம்தான். ஆகவே விமானி இன்று பறக்க முடியாது என்று சொன்னால், அவரோடு வாதாடாமல் நன்றி சொல்லிவிட்டு விடுதிக்குத் திரும்புங்கள்.

அடுத்தது, ‘கண்ணாடி வழியே பார்ப்பது ஒரு பார்வையா’ என்ற கேள்வி. ஆசிரியராக இருந்த நீங்கள் இதைக் கேட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எவரெஸ்ட்தான் உலகிலேயே உயரமானது என்று மனிதன் அறிந்துகொண்டதே கண்ணாடி வழியாகப் பார்த்துத்தான். அன்று நேபாளத்துக்குள் நில அளவைக்காரர்களை விடவில்லை. பீகார் சமவெளியில், 160 கிலோமீட்டருக்கும் அப்பால் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை நிறுத்தி, அதன் கண்ணாடிக்குள் தெரிந்த வெள்ளைப் புள்ளிகளின் கோணங்களைக் குறித்தார்கள். அந்தக் கோணங்களை வைத்து 1852-இல் கணக்குப் போட்டு, அன்று ‘15-ஆம் சிகரம்’ என்று மட்டுமே குறிக்கப்பட்டிருந்த எவரெஸ்ட் மற்றவை எல்லாவற்றையும் விட உயரமானது என்று கண்டவர் வங்காளத்தின் ராதாநாத் சிக்தார். அவர் அந்த மலையில் ஓர் அடிகூட ஏறியவர் அல்லர். 1856-இல் வெளியிட்ட உயரம் 29,002 அடி, அதாவது சுமார் 8,840 மீட்டர். 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். வித்தியாசம் சுமார் 9 மீட்டர்தான். அந்த நில அளவைப் பணி எங்கே தொடங்கியது? 1802-இல், நம் சென்னைப் பரங்கிமலை அருகே, லாம்டன் என்ற அதிகாரி தரையில் நீட்டிய சங்கிலியில். உங்கள் மாணவர்களுக்கு எத்தனை அருமையான பாடம் இது!

நானும் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்ச் மாதம் அந்த விமானத்தில் போனேன். முதல் நாள் விடியற்காலையிலிருந்து காத்திருந்தோம், மேகத்தால் ரத்தாயிற்று. மறுநாள் கிளம்பினோம். எல்லாருக்கும் சன்னல் இருக்கை. காத்மாண்டுவின் புகைமூட்டம் கீழே நழுவியதும் இடப்பக்கம் முழுவதும் பனிமலைகள் எழுந்து நின்றன. முதலில் லாங்டாங் தொடர், பிறகு இரட்டை முடியோடு கௌரிசங்கர், அப்புறம் தட்டையான உச்சியோடு சோ ஓயு. எவரெஸ்டை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் உண்மை. நுப்ட்சேயும் லோட்சேயும் சேர்ந்து ஒரு பெரும் மதிலாக முன்னால் நிற்க, அது அவற்றின் பின்னாலிருந்து ஒரு கறுத்த கூம்பாக எட்டிப் பார்க்கிறது. பணிப்பெண் விரலால் காட்டிய பிறகுதான் உச்சியிலிருந்து பனித்தூள் காற்றில் கொடிபோல் பறப்பதைக் கண்டேன். ஒவ்வொருவராக விமானி அறை வாசலுக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள். என் முன்னிருக்கையில் இருந்த பெரியவர் அங்கே கைகூப்பிவிட்டுத் திரும்பி வந்து, இறங்கும்வரை வாய் திறக்கவில்லை. அவர் பார்த்தது பார்வை இல்லை என்று நீங்கள் சொல்வீர்களா?

மூட்டுவலியைக் காரணம் காட்டியிருக்கிறீர்கள். இந்தப் பயணத்தில் முழங்காலுக்கு என்ன வேலை? எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. அங்கே நடந்து போகப் பல நாள் ஆகும், அவரால் முடியாது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்த விமானம். உள்ளே காற்றழுத்தமும் சீராக இருக்கும். உண்மையில் அவர் உடம்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் 3,700 மீட்டருக்கும் மேலே இருக்கும் முக்திநாத். இரத்த அழுத்தமோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் புறப்படும் முன் இருவரும் மருத்துவரைப் பாருங்கள். ஹெலிகாப்டரில் எவரெஸ்ட் அருகே உள்ள காலாபத்தர் என்ற குன்றிலேயே இறக்கிக் காட்டுகிறோம் என்று ஆசை காட்டுவார்கள். அங்கே, 5,500 மீட்டர் உயரத்தில், ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். உங்கள் வயதில் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

பணம் இல்லை என்றால் அது வேறு பேச்சு. நீங்கள் அப்படி எழுதவில்லை.

நம் வேலூரைப் பற்றி ஊரார் சொல்வது உங்களுக்கும் தெரியும்: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை. அந்த மரமில்லாத மலைகளின் வெக்கையில்தான் அவர் உங்களுக்குச் சமைத்தும் பிள்ளைகளை வளர்த்தும் இந்த வயதுக்கு வந்திருக்கிறார். சித்திரை வெயிலில் அனல் கக்கும் பாறைகளையே பார்த்துப் பழகிய கண்கள் ஒருமுறை பனியைப் பார்க்க ஆசைப்படுகின்றன. யாத்திரைக்குப் போகலாமா என்று நீங்கள் அவரைக் கேட்டீர்களா, டிக்கெட் எடுத்த பிறகு சொன்னீர்களா என்று எனக்குத் தெரியாது. இதற்காவது அவரைக் கேளுங்கள்.

குழுத் தலைவரிடம் பேசிக் காத்மாண்டுவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க ஏற்பாடு செய்யுங்கள். முதல் நாள் மேகம் மறித்தால் மறுநாள் கைகொடுக்கும். காலையின் முதல் விமானத்தைக் கேளுங்கள். ரத்தானால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது மலைகள் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். போகும்போதே ஆற அமரப் பார்க்கும்படி, இறக்கை மறைக்காத ஓர் இடப்பக்க சன்னலை உங்கள் மனைவிக்குக் கேட்டு வாங்குங்கள்.