படகு இன்ஜினில் ஆயில் பிரஷர் குறைந்தால் பம்பை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: உவரியில் எங்கள் ஃபைபர் படகில் ஆறு சிலிண்டர் டர்போ டீசல் இன்ஜின் இருக்கிறது. புறப்படும்போது ஆயில் பிரஷர் 60 பிஎஸ்ஐ. கரை திரும்பும்போது நிமிடத்துக்கு 2400 சுற்றில் 25, ஐட்லிங்கில் 5. ஆயில் பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக் அண்ணாச்சி. மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வள்ளியூரில் டீசல் பட்டறை வைத்திருக்கிறேன். கூத்தங்குழி, இடிந்தகரைப் படகுக்காரர்களும் வருவார்கள். இந்தக் கோளாறில் பம்ப் குற்றவாளியாக இருந்ததை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். எந்நேரமும் ஆயிலிலேயே ஊறிக்கிடக்கும் பாகம் அது, லேசில் தேயாது. ஆயிலைத் தள்ளிவிடுவது மட்டுமே அதன் வேலை. தள்ளிய ஆயில், கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் இடுக்குகளில் நுழையத் திணறும்போதுதான் பிரஷர் உண்டாகிறது. ஆயில் நீர்த்துப்போனாலும் இடுக்கு அகன்றாலும் திணறல் குறையும், கேஜ் முள் இறங்கும். குளிர்ந்த நிலையில் 60 காட்டிவிட்டுச் சூட்டில் விழுவதால் எனக்கு இவ்விரண்டின் மீதுதான் சந்தேகம். மிஞ்சிய பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு தூசியில் திறந்தே சிக்கியிருந்தால் காலையிலேயே முள் படுத்திருக்கும்.

அதற்கும் முன்னால் முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். சென்சாரைக் கழற்றிவிட்டு அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டி அளந்தால் தெரிந்துவிடும். ஃபைபர் படகில் எர்த் வயர் தனியாக ஓட வேண்டும். உப்புக்காற்றில் அதன் முனை களிம்பேறிவிடும். 240 ஓமில் பூஜ்யமும் 33 ஓமில் முழு அழுத்தமும் காட்டும் வகை சென்சாரில், எர்த் பிடிப்பு கெட்டால் மின்தடை கூடி, முள் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினாலும் இதே கதைதான்.

அளந்த பிறகும் குறைவு என்றால், எவ்வளவு குறைவு என்பதைப் பாருங்கள். ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைக் கணக்கு. கம்மின்ஸ் 5.9 லிட்டர் பி வரிசை இன்ஜினுக்கு, சூட்டில் ஐட்லிங்கில் 10, முழு வேகத்தில் 30 இருந்தாலே போதும். உங்கள் இன்ஜினுக்கு உரிய அளவு அதன் மேனுவலில் இருக்கும்.

அடுத்தது ஆயில். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருக்கிறதா? ஆயில் தானாக அதிகமாகாது. டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டரோ டீசல் பம்பின் சீலோ ஒழுகுகிறது. மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர். சந்தேகமானால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். (வீட்டுத் தோசைக்கல்லை எடுக்காதீர்கள், அப்புறம் வேறு பஞ்சாயத்து.) ஆயில் கூலர் ஓட்டையானால் ஓடும்போது பிரஷர் அதிகமுள்ள ஆயில் தண்ணீருக்குள் போகும், நிறுத்தியதும் தண்ணீர் ஆயிலுக்குள் வரும். அதனால் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

வாடையும் நிறமும் சரியாக இருந்தால் சூட்டைக் கவனிக்க வேண்டும். படகு இன்ஜினுக்கு இறக்கமே கிடையாது. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பஸ்ஸைப் போல எப்போதும் பாரம்தான். கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருந்தாலும் கூலரில் உப்புப் படிந்திருந்தாலும் ஆயில் கொதித்து நீர்த்துவிடும். 15டபிள்யூ-40 தர ஆயிலுக்குப் பதில் கையில் கிடைத்ததை ஊற்றியிருந்தாலும் அப்படித்தான்.

அலையில் மூக்கு தூக்கும்போது மட்டும் முள் துள்ளி விழுந்தால் அது வேறு விஷயம். ஆயில் சம்ப்பின் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) பின்பக்கம் ஓடிவிட, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கிறது. சாய்த்துப் பொருத்திய இன்ஜினில் டிப்ஸ்டிக் கோடுகளே தப்பாக இருக்கலாம். அதற்காக அளவுக்கு மேல் ஊற்றினால் கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும்.

எல்லாம் சரி, முள் மட்டும் ஏறவில்லை என்றால் பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங் உரிகிறது; அன்றோடு கடலுக்குப் போவதை நிறுத்துங்கள். சம்ப்பை இறக்கி மெயின் பேரிங், கனெக்டிங் ராடு பேரிங் இடுக்குகளை அளக்கச் சொல்லுங்கள். கிராங்க் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் என்பது பொதுவான கணக்கு. சம்ப்பை இறக்கிய கையோடு பம்பின் பல்சக்கரங்களையும் அளந்துவிடலாம். அதில் தேய்மானம் தெரிந்தால் அண்ணாச்சி சொன்னபடி புதுப் பம்ப் வாங்குங்கள்.