நேர்முகத்தில் வாயடைத்துப் போன தங்கச்சிக்கு

தங்கச்சி, திருகோணமலை நிலாவெளி ஹோட்டல் வேலை நேர்முகத்தில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டதும் பாடமாக்கியது எல்லாம் மறந்துபோனதாக எழுதியிருந்தீர்கள். பிழை உங்கள் ஆங்கிலத்தில் இல்லை, பாடமாக்கியதில்தான். ஒரு சொல் தவறினால் மிச்சமும் கூடவே போய்விடும். எனக்கும் ஒருமுறை அப்படித்தான். பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு வியர்த்துக்கொண்டு இருந்தேன்.

வரவேற்பு மேசையில் உங்களிடம் யாரும் ஓ.எல் பரீட்சைப் பெறுபேறு கேட்கப்போவதில்லை. புறாத்தீவுக்குப் படகு எங்கே பிடிப்பது, கோணேசர் கோயிலுக்கு என்ன உடுப்பு, கன்னியா வெந்நீரூற்றில் 7 கிணறும் ஒரே சூடா, இப்படித்தான் கேட்பார்கள். தினமும் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் சத்தமாகப் பதில் சொல்லி, போனில் பதிந்து கேளுங்கள். முதல் நாள் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

உங்களைப் பற்றிக் கேட்டால், அக்காவின் கடையில் நின்றதாக எழுதினீர்களே, அதிலிருந்தே தொடங்குங்கள். கோபமாக வந்த ஒருவரை எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒரு சம்பவம் போதும். கேள்வி விளங்காவிட்டால் முழிக்காமல் "இன்னொருமுறை சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். வேலையிலும் விருந்தினரிடம் அதைத்தானே கேட்கப்போகிறீர்கள்.

மற்றது, நம் பக்கம் சுற்றுலா சீசன் மே மாதமளவில் சூடுபிடிக்கும். அதற்கு முன்னரே உப்புவெளிப் பக்க ஹோட்டல்களிலும் விசாரியுங்கள்.