கமிஷனர் வருகிறார், யூனிஃபார்ம் இல்லாமல்

போன வாரம் இங்கிலாந்தில் இருக்கும் ஒருவர் தன் கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்குக் கட்டும் உள்ளூர் வரி) பில்லைப் பார்த்துவிட்டு, "போலீஸ் அண்ட் கிரைம் கமிஷனர் என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறான், இதென்ன அரசாங்கமே வாங்கும் மாமூலா?" என்று கேட்டார். அங்கே தொடங்கியது இந்தக் கேள்வி பதில். நான் போலீஸ்காரனும் இல்லை, வக்கீலும் இல்லை. இரண்டு தேர்தல்களில் வாக்கு எண்ணும் மேசையில் உட்கார்ந்தவன், அவ்வளவுதான்.

கோவையிலிருந்து: அண்ணா, எங்க ஊர்ல கமிஷனர்னா ஐபிஎஸ் அதிகாரி. அங்க அவரையே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்களா? ரவுடி நின்னு ஜெயிச்சா என்ன பண்ணுவாங்க?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் கான்ஸ்டபிள் கீழே, கமிஷனர் மேலே, இரண்டு பேரும் யூனிஃபார்மில். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் யூனிஃபார்ம் போட்டவர்களில் பெரியவர் பெயரே 'சீஃப் கான்ஸ்டபிள்'. அவரை நியமிக்கும் கமிஷனர் சாதாரண ஆள், அரசியல்வாதி. லத்தி கிடையாது, கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. 2011ல் சட்டம் போட்டு 2012 நவம்பரில் முதல் தேர்தல் நடத்தினார்கள். அதற்கு முன் கவுன்சிலர்களும் வெளியாட்களும் சேர்ந்த போலீஸ் ஆணையம் ஒன்று அந்த வேலையைப் பார்த்தது. அதில் யார் இருக்கிறார்கள் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

ரவுடி கதை இங்கே நடக்காது தம்பி. சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் எதிலாவது ஒருமுறை தண்டிக்கப்பட்டிருந்தால் போதும், ஜெயிலுக்கே போகாவிட்டாலும், சிறுவயதில் நடந்திருந்தாலும், நிற்க முடியாது. 2012ல் ஏவன் அண்ட் சாமர்செட்டில் தொழிற்கட்சி நிறுத்திய பாப் ஆஷ்ஃபோர்ட், 1966ல் பதின்மூன்று வயதில் கட்டிய இரண்டரை பவுண்ட் அபராதத்துக்காக விலக நேர்ந்தது. 2021ல் வில்ட்ஷயரில் இன்னும் கூத்து. அதிக ஓட்டு வாங்கிய கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்குப் பழைய குடிபோதை டிரைவிங் வழக்கு ஒன்று இருந்தது வெளியே வந்தது. அவர் பதவியேற்க முடியவில்லை, ஆகஸ்டில் மறுபடி தேர்தல். எம்.பி. பதவிக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மில்டன் கீன்ஸிலிருந்து: எங்க தெருவுல ரெண்டு கார் போயிடுச்சு. கமிஷனருக்கு மெயில் போட்டா ரோந்து அனுப்புவாரா சார்?

அனுப்ப முடியாது. யாரைப் பிடிப்பது, எந்த வழக்கை எடுப்பது, எந்தத் தெருவுக்கு வண்டி போவது, இதெல்லாம் சீஃப் கான்ஸ்டபிள் பொறுப்பு. கமிஷனர் அதில் கைவைக்கக் கூடாது என்பது சட்டத்தின் அடிநாதம். அவர் கையில் இருப்பவை வேறு. தன் பதவிக்காலத்துக்கு எது முக்கியம் என்று திட்டம் எழுதுவார். பட்ஜெட் அவருடையது. உங்கள் பில்லில் இருக்கும் அந்தத் தொகையை முடிவு செய்பவரும் அவரே. பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவிச் சேவைகளுக்குப் பணம் ஒதுக்குவார். எல்லாவற்றுக்கும் மேல், சீஃப் கான்ஸ்டபிளை வைப்பதும் நீக்குவதும் அவர்.

அந்தக் கடைசி அதிகாரத்தில்தான் சண்டை வரும். 2013ல் லிங்கன்ஷயர் கமிஷனர் தற்காலிக சீஃப் கான்ஸ்டபிளை சஸ்பெண்ட் செய்தார். உயர் நீதிமன்றம் அறிவுக்குப் பொருந்தாத முடிவு என்று அடித்துத் தள்ளியது. பணத்திலும் கடிவாளம் உண்டு. வரம்பை மீறி வரி ஏற்றினால் மக்களிடம் கேட்க வேண்டும். பெட்ஃபோர்ட்ஷயர் கமிஷனர் 2015ல் போலீஸ் வரியை 15.8 சதவீதம் ஏற்றலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார். கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் 'முடியாது' என்றார்கள். கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

உங்கள் கார் விஷயத்துக்கு வருவோம். கார் திருட்டே திட்டத்தில் இல்லை என்றால், அதைக் கேட்கக் கமிஷனர்தான் சரியான ஆள். உங்களுக்கு அது தேம்ஸ் வேலி கமிஷனர் அலுவலகம்.

கார்டிஃபில் படிக்கும் மாணவி: நான் ஸ்டூடன்ட் விசாவுல இருக்கேன். எனக்கு ஓட்டு இருக்கா அக்கான்னு கேட்கலாமா, அண்ணான்னு கேட்கலாமா?

அண்ணா என்றே கேளுங்கள். ஓட்டு உண்டு. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசாவும் பதினெட்டு வயதும் இருந்து, வாக்காளர் பட்டியலில் பெயரும் இருந்தால் போதும். இது பலருக்குத் தெரிவதில்லை. சாவடிக்குப் போட்டோ உள்ள அடையாளம் கொண்டுபோக வேண்டும். உங்கள் ஊர் பாஸ்போர்ட்டே செல்லும்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: எங்களுக்கு இப்படி ஒரு ஓட்டுச் சீட்டு வந்ததே இல்லையே?

வராது. லண்டனில் அந்த வேலை மேயருடையது. மான்செஸ்டர், யார்க்ஷயர் பக்கமும் பிறகு மேயர்களிடம் போய்விட்டது. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இந்தப் பதவியே இல்லை.

லெஸ்டரிலிருந்து: நாங்க இருக்கிற தெருவுல ஒருத்தர்கூட இந்த ஓட்டுப் போடறதில்ல. ஏன் இப்படி?

தொடக்கமே கோணல். 2012ல் முதல் தேர்தலை நவம்பர் குளிரில், வேறு எந்தப் பெரிய தேர்தலோடும் சேர்க்காமல், வேட்பாளர் யாரென்று வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட அரசு செலவில் அனுப்பாமல் நடத்தினார்கள். வந்தவர்கள் சுமார் 15 சதவீதம். நியூபோர்ட்டில் ஒரு சாவடியில் காலையிலிருந்து இரவு வரை ஒருவரும் வரவில்லை. அந்த அதிகாரிகள் எத்தனை டீ குடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். 2014ல் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் இடைத்தேர்தலில் பத்து சதவீதத்தைச் சற்றே தாண்டியது. கவுன்சில் தேர்தலோடு சேர்த்த பிறகு கொஞ்சம் ஏறியது. ஆனாலும் 2024ல் நாலில் ஒருவர்கூட வரவில்லை.

ஓட்டு முறையும் மாறிவிட்டது. முன்பு முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று இரண்டு போடலாம். 2012ல் ஹம்பர்சைடில் முன்னாள் துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் முதல் சுற்றில் முந்தியிருந்தும் இரண்டாம் விருப்பத்தில் தோற்றார். 2024லிருந்து நம் ஊர் மாதிரிதான்: யார் அதிகம் வாங்கினாரோ அவர்.

ஷெஃபீல்டிலிருந்து: அண்ணை, ஒருத்தர் பிழை விட்டால் இவரைத் தூக்கேலாதோ?

ஏலாது என்பதே உண்மை. உங்கள் பகுதியிலேயே பார்த்தோம். ரோதரமில் குறைந்தது 1,400 பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று 2014 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. அப்போது சவுத் யார்க்ஷயர் கமிஷனராக இருந்த ஷான் ரைட், 2005 முதல் 2010 வரை அதே ஊர் கவுன்சிலில் பிள்ளைகள் நலத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். பிரதமர் விலகச் சொன்னார், உள்துறை அமைச்சர் சொன்னார், சொந்தக் கட்சியும் சொன்னது. மனிதர் கட்சியை விட்டார், நாற்காலியை விடவில்லை. மூன்று வாரம் கழித்துத் தானாகப் போனார். அவரை வெளியேற்றச் சட்டத்தில் வழியே இல்லை.

கவுன்சிலர்கள் இருக்கும் கண்காணிப்புக் குழு ஒன்று உண்டு. மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்தால் வரியையோ சீஃப் கான்ஸ்டபிள் நியமனத்தையோ தடுக்கலாம். கமிஷனரைச் சஸ்பெண்ட் செய்ய வேண்டுமென்றால், இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய குற்றம் அவர்மேல் சாட்டப்பட்டிருக்க வேண்டும். கேவலமாக நடந்துகொள்வது அந்தக் கணக்கில் வராது. என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். நாலு வருஷம் அசைக்க முடியாத நாற்காலியைக் கொடுத்துவிட்டு, அதில் உட்காரும் ஆளைத் தேர்ந்தெடுக்க ஏழில் ஒருவரை மட்டும் வரவழைத்தார்கள்.

மறுபடி கோவைத் தம்பி: இந்தப் பதவியையே ஒழிக்கப் போறாங்களாமே?

ஆமாம். 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. இப்போதைய பதவிக்காலம் 2028 மே மாதம் முடியும்போது கமிஷனர்களும் போய்விடுவார்கள். இங்கிலாந்தில் மேயர் இருக்கும் இடத்தில் மேயரிடம், இல்லாத இடத்தில் கவுன்சில் தலைவர்கள் சேர்ந்த வாரியத்திடம் வேலை போகும். வாரியம் என்றதும் எனக்குப் பழைய போலீஸ் ஆணையம் ஞாபகம் வருகிறது. அங்கே யாருக்கு மெயில் போடுவது என்று மில்டன் கீன்ஸ் நண்பர் அப்போது கேட்பார். அதுவரை அவருடைய இரண்டு காருக்கும் கமிஷனர் பதில் சொல்லியாக வேண்டும்.