திங்கட்கிழமை வயிற்றுவலி

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். இரண்டு மாதமாகத் திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். போன வாரம் அழுதுகொண்டே, தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது, வகுப்பில் கேலி செய்கிறார்கள் என்றான். சிகிச்சையில் மாற்றிவிடலாம் என்கிறார் என் அண்ணன். செய்யலாமா?
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. தன்பாலீர்ப்பு நோயல்ல, உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றும் சிகிச்சை கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட்டது. அதைச் செய்யும் மருத்துவர் மீது நடவடிக்கை எடுக்கலாம்.

மகன் நடிக்கவில்லை. பயத்தில் குடல் இறுகி வலிப்பது நிஜமான வலி. சனி, ஞாயிறு இல்லாத வலி என்றால், பள்ளியில் எந்த இடம் பயமுறுத்துகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். "ஏன் போகமாட்டேங்கிற?" என்று கேட்டால் பதில் வராது. வேன், பி.டி. பீரியட், சாப்பாட்டு வேளை, கழிப்பறை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பியது அப்படியே திரும்பி வருகிறதா பாருங்கள். கழிப்பறைக் கேலிக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் உண்டு. மலச்சிக்கலும் தலைவலியும் அதிலிருந்தே வரும்.

பள்ளியில் பேசுமுன் அவனிடம் சம்மதம் கேளுங்கள். "கேலி நடக்கிறது, இன்ன இடம், இன்ன நேரம்" என்றால் போதும். அவனுக்கு யாரைப் பிடிக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் சொன்னது வகுப்புக்கு வர ஒரு நாள் ஆகாது. பாட வேளையில் கழிப்பறைக்கு அனுமதி, நண்பன் பக்கத்தில் இடம், அவனே தேர்ந்தெடுக்கும் ஓர் ஆசிரியரிடம் எப்போதும் போய்ப் பேசும் வசதி, இவற்றைக் கேளுங்கள். அவனை வேறு செக்‌ஷனுக்கு மாற்றச் சம்மதிக்காதீர்கள்: இருக்கும் ஒன்றிரண்டு நண்பர்களும் போய்விடுவார்கள். நீண்ட லீவும் வேண்டாம். அடிதடி இல்லையென்றால் அரை நாளாவது போகட்டும்.

தூக்கமும் சாப்பாடும் குறைந்து, பிடித்த விளையாட்டிலும் நாட்டமில்லாமல் 2 வாரம் தாண்டினால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளைப் பூட்டுங்கள், அன்றே மருத்துவமனை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் இரவிலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

இன்றிரவே அவனிடம் சொல்லுங்கள்: "நீ எங்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சு. உன்னைக் கேக்காம இனி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." அண்ணனிடம் சொன்னதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்.