பிறந்த பிள்ளைக்கு லோ சுகர்: வடசென்னைத் தாய்மார்களின் கேள்விகள்

கர்ப்பத்தில் எனக்குச் சுகர் அதிகம். பிள்ளைக்கோ லோ சுகர் என்று குதிகாலில் திரும்பத் திரும்பக் குத்துகிறார்கள். எனக்கு ஏறினால் பிள்ளைக்கு எப்படி இறங்கும்? (தண்டையார்பேட்டை)

உங்கள் ரத்தத்தில் இருந்த கூடுதல் சர்க்கரை தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போனது. அதைச் சமாளிக்க அதன் கணையம், சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினை அதிகமாகச் சுரந்து பழகிவிட்டது. கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் உடனே குறையாது. அதனால்தான் முதல் சில மணி நேரத்தில் இறங்குகிறது. பல பிள்ளைகளுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. குத்திப் பார்த்தால்தான் உண்டு. குறைமாதப் பிள்ளை, 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை, ரொம்பப் பெரிய பிள்ளை எல்லாருக்கும் இந்தச் சோதனை தேவை. குத்தும்போது மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தால் வலி குறையும். நர்ஸிடம் தயங்காமல் கேளுங்கள்.

உடனே டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமா? (வியாசர்பாடி)

எல்லாருக்கும் வேண்டாம். பெரும்பாலும் 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை 40 அல்லது 45 மில்லிகிராமுக்குக் கீழே போனால் சிகிச்சை தொடங்குவார்கள். பிள்ளை தெளிவாக இருந்தால் முதல் மருந்து தாய்ப்பால்தான். சப்ப முடியாவிட்டால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஜெல்லைக் கன்னத்தின் உட்புறம் தடவும் முறையும் உண்டு. கிலோவுக்கு அரை மில்லிதான். 2013இல் வெளிவந்த நியூசிலாந்து ஆய்வு இது பலன் தருவதைக் காட்டியது. அப்புறம் மறுபடி சோதிப்பார்கள். ரொம்பவே இறங்கிவிட்டாலோ வலிப்பு வந்தாலோ காத்திருக்கக் கூடாது: 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மில்லி நரம்பில் போட்டு, தொடர்ந்து டிரிப்ஸ் ஓடும். அதைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். சட்டென்று நிறுத்தினால் மறுபடி இறங்கும். ‘நாளைக்கே வீட்டுக்கு விடுங்கள்’ என்று தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

மாமியார் சேனை வைக்கணும், பிள்ளை நாக்கில் தேன் தடவணும் என்கிறார். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால்? (காசிமேடு)

மூன்றும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரால் வயிறு நிரம்பிய பிள்ளை மார்பில் சரியாகச் சப்பாது. கழுதைப்பாலில் கிருமி வரலாம், தேனில் போட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் ஆபத்து உண்டு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும். அதைப் பீய்ச்சிப் பாலாடையில் தந்து, மாமியாரையே புகட்டச் சொல்லுங்கள். அவர் ஆசையும் நிறைவேறும்.

வீட்டுக்கு வந்தபின் கை நடுங்குகிறது. (திருவொற்றியூர்)

நடுங்கும் கையை மெல்லப் பிடியுங்கள். பிடித்ததும் நின்றால் வெறும் நடுக்கம்தான், ஆனாலும் அன்றே சுகர் பார்த்துவிடுங்கள். பிடித்தும் துடித்தால் வலிப்பாக இருக்கலாம். அப்போதும், பால் குடிக்காமல் துவண்டாலும், உடம்பு ஜில்லிட்டாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். வழியில் பிள்ளையை வெறும் மார்போடு தோல் படும்படி அணைத்து, மேலே துணியால் போர்த்துங்கள். துவண்ட பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.