தெரிந்ததை எழுதுவதா, கேட்டதை எழுதுவதா?

மெயின்ஸ் கேள்வி – பதில்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வு பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

காவிரிப் பிரச்சினை எங்கள் வீட்டுப் பிரச்சினை. அது கேள்வியாக வந்ததும் மாதிரித் தேர்வில் ஆர்வத்தோடு மூன்று பக்கமும் நிரப்பினேன். 15-க்கு 4 மதிப்பெண்தான் கிடைத்தது. விடைத்தாளை இணைத்திருக்கிறேன். எங்கே தவறினேன்?
– வாசகி, மன்னார்குடி

உங்களிடம் கேட்கப்பட்டது இது: "மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்ப் பூசல்களைத் தீர்ப்பதில் நடுவர் மன்ற முறை எந்த அளவுக்கு வெற்றி பெற்றுள்ளது? மதிப்பிடுக." நீங்கள் கல்லணையில் தொடங்கி, 1892, 1924 ஒப்பந்தங்களைச் சொல்லி, கருகிய பயிரில் முடித்திருக்கிறீர்கள். எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் கேட்டது காவிரியின் வரலாற்றை அல்ல, ஒரு முறையின் வெற்றி தோல்வியை. அதற்கான விடை உங்கள் தாளில் கடைசி நான்கு வரியில்தான் வருகிறது. அந்த நான்கு வரிக்குத்தான் 4 மதிப்பெண்.

கேள்வியின் கடைசி வினைச்சொல்லை முதலில் அடிக்கோடிடுங்கள். வினாத்தாள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கில வினைச்சொற்களையே சொல்கிறேன். 'டிஸ்கஸ்' என்றால் பல கோணங்களையும் எடுத்துப் பேச வேண்டும். 'எக்ஸாமின்' என்றால் கூறுகூறாகப் பிரித்துக் காரணம் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் 'கிரிட்டிக்கலி' சேர்ந்தால் நிறை, குறை இரண்டையும் நிறுத்திப் பார்த்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். 'எவால்யுவேட்' (மதிப்பிடுக) என்றால் அளவுகோல் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அளவுகோல் எது என்பதை நீங்களே தேர்ந்தெடுத்து, அதை விடையில் வெளிப்படையாக எழுதவும் வேண்டும்.

இந்தக் கேள்விக்குக் காலம், இறுதித்தன்மை, அமலாக்கம் என்று மூன்று அளவுகோல்கள் போதும். முன்னுரை இரண்டே வாக்கியம்: அரசமைப்பின் 262-ஆம் பிரிவு, அதன்கீழ் வந்த 1956-ஆம் ஆண்டு மாநிலங்களிடை நதிநீர்ப் பூசல் சட்டம்.

காலம்: காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூனில் அமைந்தது. இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரியில் வந்தது. அரசிதழில் வெளியானது 2013 பிப்ரவரியில். நர்மதைக்கு 1969-இலிருந்து 1979 வரை, பத்தாண்டு ஆனது. தீர்ப்புக்கு 3 ஆண்டு, நீட்டிப்பு 2 ஆண்டு என்று 2002-இல் கொண்டுவந்த திருத்தம் இந்தத் தாமதத்துக்கு மருந்தாகத்தான்.

இறுதித்தன்மை: நீதிமன்றங்கள் தலையிடுவதைச் சட்டம் விலக்குகிறது. ஆனாலும் மேல்முறையீட்டை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில், கர்நாடகம் திறந்துவிட வேண்டிய அளவு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது.

அமலாக்கம்: 2018-இல் காவிரி மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் வந்தன. மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் சிக்கல் பெரிதாகத் தெரிவதில்லை. பற்றாக்குறை ஆண்டில் யாருக்கு எவ்வளவு குறைப்பது என்பதில்தான் இன்னும் இணக்கம் இல்லை. 2023-இல் விவகாரம் மறுபடி உச்ச நீதிமன்றம் போனதற்குக் காரணம் அதுதான்.

பிறகு தீர்ப்பு: பங்கைச் சட்டப்படி வரையறுப்பதில் இந்த முறை வென்றது, பற்றாக்குறையைப் பகிர்வதில் இன்னும் வெல்லவில்லை. ஒரே நிரந்தரத் தீர்ப்பாயம் அமைக்க 2019-இல் மக்களவையில் நிறைவேறிய மசோதா சட்டமாகவில்லை என்பதைச் சொல்லி முடிக்கலாம்.

டெல்டாக்காரருக்கு ஒரு வார்த்தை. பெங்களூரின் குடிநீருக்காக உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பில் 4.75 டி.எம்.சி. சேர்க்கப்பட்டதையும் எழுதுங்கள். நாளைக்கு எந்த மாநிலத்திலும் பணியாற்றப் போகிற அதிகாரியின் விடை அது. ஒரு தரப்பை மட்டும் பார்க்கும் விடை மனுவாகிவிடும். உங்கள் ஊர் அனுபவத்துக்கு ஒரு வாக்கியம் இடம் உண்டு: 'மேட்டூர் வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படாத ஆண்டுகளில் டெல்டாவின் குறுவைப் பரப்பு சுருங்குகிறது.' அதை அமலாக்கப் பத்தியில் சான்றாக வையுங்கள். அங்கே அதற்கு மதிப்பெண் உண்டு.

தமிழிலேயே மெயின்ஸ் எழுத விரும்புகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால்தான் தேற முடியும் என்கிறார்கள். நேரம் போதுமா?
– வாசகர், கும்பகோணம்

தாராளமாகத் தமிழில் எழுதலாம். அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகள் எதிலும் கட்டுரைத் தாளையும் பொது அறிவு (ஜிஎஸ்) தாள்களையும் எழுத, தேர்வை நடத்தும் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (யுபிஎஸ்சி) அனுமதிக்கிறது. விண்ணப்பத்திலேயே மொழியைக் குறிப்பிட வேண்டும். ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். ஆங்கிலத்தில் படித்து, தமிழில் யோசித்து எழுத வேண்டும். தமிழ்வழி மாணவர்கள் பலர் சறுக்குவது எழுதும்போது அல்ல, கேள்வியைப் புரிந்துகொள்ளும்போது. தினமும் பழைய வினாத்தாளிலிருந்து ஐந்து கேள்விகளை எடுத்து, அவை என்ன கேட்கின்றன என்பதை மட்டும் தமிழில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். விடை வேண்டாம். இரண்டு மாதத்தில் தயக்கம் போய்விடும்.

நேரக் கணக்கு இது. ஜிஎஸ் முதல் மூன்று தாள்களில் தாளுக்கு 20 கேள்வி: பத்துக் கேள்விக்குத் தலா 10 மதிப்பெண், 150 சொல், மீதிப் பத்துக்குத் தலா 15 மதிப்பெண், 250 சொல். மொத்தம் 4,000 சொல், 180 நிமிடம். சின்னதற்கு ஆறரை நிமிடம், பெரியதற்குப் பத்தரை நிமிடம் என்றால் 170 ஆகிறது. மிச்சம் பத்து நிமிடம் வாசிக்கவும் தடுமாறவும். ஒரு கேள்வியில் ஐந்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தால் கடைசியில் ஒரு கேள்வி விட்டுப்போகும்.

தமிழில் 'நிறைவேற்றப்படாததால்' என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு நான்கைந்து சொல் தேவை. அதனால் சொல் எண்ணிக்கை நிரம்பவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கொடுத்திருக்கும் பக்கத்தை அளவாகக் கொள்ளுங்கள். கலைச்சொல்லை எழுதும்போது பக்கத்திலேயே அதன் ஆங்கில வடிவத்தையும் குறிக்க விதி இடம் தருகிறது. 'நிதிப் பற்றாக்குறை' எது, 'வருவாய்ப் பற்றாக்குறை' எது என்று திருத்துபவர் குழம்பாமல் இருக்க அது உதவும். பாடத்துக்கு 200 சொல் வீதம் சொந்தக் கலைச்சொல் ஏடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கருத்துக்கு ஒரே சொல். ஒரு விடையில் 'கூட்டாட்சி', அடுத்ததில் 'சமஷ்டி' என்று மாற்ற வேண்டாம்.

பத்தாம் வகுப்புவரை தமிழ் படித்தேன், அதன்பின் எல்லாம் ஆங்கிலம். கட்டாயத் தமிழ்த் தாளில் 25 சதவீதம்தானே, படிக்காமல் போகலாமா?
– வாசகர், திருவாரூர்

போகாதீர்கள். 300-க்கு 75 எடுத்தால் போதும், அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது, இரண்டும் சரி. ஆனால் 75 வராவிட்டால் கட்டுரை, ஜிஎஸ், விருப்பப் பாடம் எதுவும் கணக்கில் எடுக்கப்படாது. ஓராண்டு உழைப்பு அங்கேயே நின்றுவிடும்.

கட்டுரைக்கு 100, வாசித்துணர்தலுக்கு 60, சுருக்கி வரைதலுக்கு 60, மொழிபெயர்ப்பு இரு பக்கமும் சேர்த்து 40, இலக்கணமும் சொல்லாட்சியும் 40. ஆங்கிலவழிக்காரர்கள் அதிகம் இழப்பது சுருக்கத்தில். மூன்றில் ஒரு பங்காக, சொந்தச் சொற்களில் எழுதச் சொல்கிறார்கள். இவர்களோ மூலத்திலிருந்து மூன்று வாக்கியத்தை உருவி வைக்கிறார்கள். பத்தியை இரண்டு முறை படித்து, தாளைக் கவிழ்த்துவிட்டு எழுதிப் பழகுங்கள். அடுத்த இழப்பு ல, ழ, ள மற்றும் ர, ற. நம் பக்கத்துப் பேச்சில் 'வாழை' 'வாளை' ஆவது பழக்கம். கையும் அதே வழியில் போகும். ஒற்று மிகும் இடத்திலும் இழப்பு உண்டு: 'கல்வி கொள்கை' அல்ல, 'கல்விக் கொள்கை'. 'நீர் பற்றாக்குறை' அல்ல, 'நீர்ப் பற்றாக்குறை'. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை சமச்சீர்த் தமிழ்ப் பாடநூலின் இலக்கணப் பகுதி போதும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், எட்டு வாரம்.

அறவியல் தாளில் சூழல் ஆய்வு (கேஸ் ஸ்டடி) கேள்விகளுக்கு எல்லாரும் ஒரே மாதிரி 'நேர்மையாகச் செயல்படுவேன்' என்றுதானே எழுத முடியும்?
– வாசகி, ஒரத்தநாடு

அப்படி எழுதுகிறவர்கள்தான் நடுவில் நிற்கிறார்கள். 250-இல் 120 மதிப்பெண் இந்தப் பகுதிக்கு. ஆறு சூழல், தலா 20. உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சூழலையே கற்பனைக் கேள்வியாக எடுத்துக்கொள்வோம்.

அக்டோபர். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன்னால் குறுவை நெல் சாலையோரம் குவிந்து கிடக்கிறது. மழை வரப்போகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் நிலையம் எடுக்க மறுக்கிறது. 40 கிலோ மூட்டைக்கு இவ்வளவு கொடுத்தால் எடை போடுவோம் என்று சிலர் கேட்பதாகவும் புகார். நீங்கள் அங்கே கோட்டாட்சியர்.

'ஊழியர்களை உடனே பணிநீக்கம் செய்வேன், நெல்லை எடுக்க உத்தரவிடுவேன்' என்றால் இரண்டும் தவறு. விசாரணை இல்லாமல் நீக்க முடியாது. ஈரப்பத வரம்பைத் தளர்த்துவது மத்திய அரசின் கையில் உள்ளது. உங்களிடம் அந்த அதிகாரம் இல்லை. அதிகாரம் எல்லை கடந்தால் அதுவும் ஓர் அறப்பிழைதான்.

முதலில் யார் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்று ஒரு வரி: குத்தகைச் சாகுபடிக்காரர், சுமைப்பணியாளர், நிலைய ஊழியர், ரேஷன் அரிசி வாங்கும் குடும்பம். நான்காமவரை எழுதுவோர் அரிது. ஈர நெல் கிடங்கில் முளைத்தால் நட்டம் அவருக்குத்தான். அடுத்து மோதும் மதிப்புகள்: விதியும் பரிவும். அதன்பின் செயலைக் காலத்தால் பிரியுங்கள். இன்று மாலைக்குள்: தார்ப்பாய், அருகிலுள்ள மண்டபம் அல்லது பள்ளித் திண்ணை, விவசாயி கண்முன் ஈரப்பதமானியில் அளந்து பலகையில் எழுதுதல், வரிசை எண் டோக்கன். இந்த வாரத்துக்குள்: எத்தனை மூட்டை, எவ்வளவு ஈரம் என்ற பதிவுகளோடு வரம்புத் தளர்வுக்கான அறிக்கையை ஆட்சியர் வழியே அனுப்புதல், பணம் கேட்ட புகாருக்கு வாக்குமூலம் பெற்று, முகாந்திரம் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கத்துக்குப் பரிந்துரைத்தல். இந்தப் பருவம் முடிவதற்குள்: உலர்த்தும் இயந்திரம், நடமாடும் கொள்முதல். 'நேர்மை' என்ற சொல்லை ஒரு முறைகூட எழுத வேண்டியதில்லை. அது தானே தெரியும்.

சென்னைக்குப் போக வசதியில்லை. வீட்டு வயல் வேலையும் உண்டு. நான் எழுதுவதை யார் திருத்துவார்கள்?
– வாசகர், பட்டுக்கோட்டை

பிரிலிம்ஸுக்கும் (முதல்நிலைத் தேர்வு) மெயின்ஸுக்கும் இடையே சுமார் மூன்று மாதம்தான். அது சரியாகக் குறுவை நடவும் களையெடுப்பும் நடக்கும் காலம். அதனால் உங்களைப் போன்றவர் எழுதும் பயிற்சியைப் பிரிலிம்ஸுக்கு முன்பே, சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் தொடங்கிவிட வேண்டும். அப்போது தினம் இரண்டு விடை போதும். பிரிலிம்ஸுக்கு முந்தைய இரண்டு மாதம் நிறுத்திக்கொள்ளலாம்.

திருத்த மூன்று பேர் கொண்ட குழு போதும், பெரிய கூட்டம் வேண்டாம். ஒரே கேள்வியை மூவரும் எழுதி, தாளை மாற்றிக்கொள்ளுங்கள். திருத்துபவர் மூன்று விஷயம் மட்டும் பார்க்க வேண்டும்: கேள்வியின் எல்லாப் பகுதிக்கும் விடை உண்டா, ஒவ்வொரு கருத்துக்கும் சான்று உண்டா, முதல் மூன்று வரியைப் படித்ததுமே விடையின் போக்கு தெரிகிறதா. 'நல்லா இருக்கு' என்று எழுதக் கூடாது. பழைய வினாத்தாள்கள் யுபிஎஸ்சி இணையதளத்தில் இலவசம். பிரிலிம்ஸ் தேறினால் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் மெயின்ஸ் தயாரிப்புக்கு 25,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்கத் தவறாதீர்கள்.

தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கத் தமிழில் பட்டம் வேண்டுமா?
– வாசகி, திருவையாறு

வேண்டியதில்லை. இரண்டு தாள், மொத்தம் 500 மதிப்பெண். விடை தமிழில்தான் எழுத வேண்டும். மூலநூல்களைக் கைப்பட வாசிக்கப் பொறுமை இருந்தால் எடுங்கள்; கையேட்டை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம்.

ஒரே நாளில் இரண்டு தாள் எழுதும்போது கை வலித்து எழுத்து கோணுகிறது. என்ன பேனா வாங்கலாம்?
– வாசகர், நாகப்பட்டினம்

புதிய பேனா வாங்காதீர்கள். நான்கு மாதமாக எதில் எழுதுகிறீர்களோ அதையே, ஓரளவு மை தீர்ந்த நிலையில் மூன்று எடுத்துச் செல்லுங்கள். வலி பேனாவால் அல்ல. வீட்டில் தினம் அரை மணி நேரம் எழுதிய கை, அங்கே காலையில் 3 மணி நேரமும் பிற்பகலில் 3 மணி நேரமும் ஓட வேண்டியிருக்கிறது. தேர்வுக்கு முந்தைய ஆறு வாரத்தில் குறைந்தது நான்கு நாளாவது காலையும் பிற்பகலுமாக இரண்டு முழுத் தாள் எழுதுங்கள். பேனாவை இறுகப் பிடிக்கும் பழக்கம் இரண்டாவது தாளின் பாதியில்தான் தெரியவரும். விரல் நுனியால் எழுதாமல் முழங்கைவரை நகர்த்தி எழுதினால் வலி குறையும். இடைவேளையில் அடுத்த தாளுக்குப் படிப்பதை விட்டுவிட்டு, கையைத் தொங்கவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடியிருங்கள். மதியம் வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம்; தயிர் சாதம் போதும்.