சாறு கொப்பளிச்சாப் பல்லு சுத்தமாகுமோ? வந்த கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (சாவகச்சேரி): மாதுளம்பழச் சாறால கொப்பளிச்சாப் பல்லு ஊத்தை போகுமோ?

பதில்: கிருமி கொஞ்சம் குறையும், சூத்தையை உண்டாக்கிற ஸ்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் எண்ட கிருமி பல்லில ஒட்டுறதும் குறையும், ஆனா ஒட்டிப் படிஞ்சதைக் கழட்ட பிறஷ் தான் வேணும். சீனி போடாதேங்கோ. துப்பிப்போட்டு வெறும் தண்ணியால கொப்பளியுங்கோ.

கேள்வி (கோப்பாய்): வீடியோ பாத்து தேசிக்காய்ப் புளியும் உப்பும் வச்சு ஒரு மாசமாத் தேய்க்கிறன். இப்ப பச்சைத்தண்ணி குடிச்சாலும் கூசுது, ஏன்?

பதில்: கூசாம என்ன செய்யும்! எத்தினை தரம் எழுதிப்போட்டன், இந்தத் தேசிக்காய் வேலை வேண்டாம் எண்டு. பீஎச் (புளிப்பின்ர அளவு, குறையக் குறையப் புளிப்புக் கூட) 5.5க்குக் கீழ போனாலே பல்லின்ர கடினமான மேல்படையான எனாமல் கரையத் தொடங்கும், தேசிக்காய்ப் புளி கிட்டத்தட்ட 2, அதில நனைஞ்சு இளகின பல்லை உப்புக்கல்லால உரஞ்சினா மேல்தோலே போகும், போன எனாமல் திரும்ப முளைக்காது, அதை உண்டாக்கின செல்லுகள் பல்லு வெளியில வரேக்கையே முடிஞ்சிடும். முதல் கிழமை வெள்ளையாத் தெரிஞ்சிருக்கும், கறை போனதால. பிறகு எனாமல் மெலிய மெலிய உள்ளுக்கிருக்கிற மஞ்சள் டென்ரீன் தான் வெளியில தெரியும், அப்ப இன்னும் தேய்ப்பியள். இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. மெல்லிசு பிறஷ், புளோரைட் பேஸ்ட், புளிப்பு ஏதும் குடிச்சா அரை மணித்தியாலத்துக்குப் பல்லுத் தீட்டக்கூடாது, தண்ணியால மட்டும் கொப்பளியுங்கோ. கூச்சம் நிக்காட்டி பல் டொக்டரிட்டப் போங்கோ.

கேள்வி (பருத்தித்துறை): கனடாவில இருந்து தங்கச்சி கிரான்பெரி ஜூஸ் கொண்டு வந்தவ. பல்லுக்கு நல்லமாமே?

பதில்: கிருமி பல்லில ஒட்டாமத் தடுக்கிற சத்து அதில இருக்கிறது உண்மை. ஆனா போத்தல்ல வாற கனக்கதுக்கு சீனி போட்டிருக்கும், அந்தச் சீனி கிருமிக்குத் தான் சாப்பாடு. லேபலை வாசிச்சுப் பாருங்கோ. சீனியில்லாத பச்சைத் தேயிலை ரீ காணும், செலவும் குறைவு.

கேள்வி (சுன்னாகம்): வேப்பிலைச் சாறால பற்காரை கரையுமோ?

பதில்: கரையாது, அது கல்லு மாதிரி இறுகின ஊத்தை. பல் டொக்டர் சுரண்டி எடுக்கிற ஸ்கேலிங் தான் வழி.

கேள்வி (நல்லூர்): வெத்திலைச் சாறு கிருமியைக் கொல்லுமாம், அப்ப வெத்திலை போடுறது நல்லது தானே?

பதில்: வெத்திலையை விடுங்கோ, கூடப் போடுற பாக்கு என்ன செய்யும்? புகையிலை இல்லாட்டியும் பாக்கு புற்றுநோயைக் கொண்டு வரும், உலக சுகாதார அமைப்பின்ர புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004 இலயே சொல்லிப்போட்டுது. வாய்க்குள்ள வெள்ளைத் தழும்போ, வாய் திறக்கக் கஷ்டமோ இருந்தா உடன காட்டுங்கோ.

கேள்வி: எந்தச் சாறு நல்லம்?

பதில்: வயசு எழுதேல்லை, சலரோகம் இருக்கோ எண்டு எழுதேல்லை, முரசில ரத்தம் வருதோ சூத்தை இருக்கோ ஒண்டும் இல்லை. விபரமா எழுதுங்கோ. அதுவரைக்கும் காலமையும் படுக்க முதலும் ரெண்டு நிமிசம் ஒழுங்காத் தீட்டுங்கோ.